குறைந்த டெண்டர், யாருடைய சம்பளம்? அரசுக் கட்டடங்களுக்குக் கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம், படிக்க வசதியா சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

தலைப்புல டெண்டர்னு பாத்ததும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க.

சென்னையில ஏதோ ஒரு அரசு அலுவலகத்துக்குப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. கேட்ல ஒரு செக்யூரிட்டி அண்ணன் நிக்கிறார். படிக்கட்டைத் துடைச்சிட்டு ஒரு அக்கா ஓரமா ஒதுங்கி நின்னு உங்களுக்கு வழி விடுறாங்க. லிஃப்ட்ல 'பழுது பார்க்கப்படுகிறது'ன்னு போர்டு, உள்ள ஒரு தம்பி ஸ்க்ரூ டிரைவரோட இருக்கான். பல அலுவலகங்கள்ல இந்த மூணு பேருமே அரசு ஊழியர் கிடையாது. மூணு தனித்தனி கான்ட்ராக்டரோட ஆட்கள். ஆனா இவங்க வேலை பார்க்கிற இடம் அரசோடது, சம்பளமா வர்ற பணம் நம்ம வரிப்பணம்.

நான் இன்னிக்குப் பேசப்போறது, இந்தக் கான்ட்ராக்டரை அரசு எப்படித் தேர்ந்தெடுக்குது, சட்டத்தை மதிக்கிறவரா ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும்னா எதைப் பாக்கணும் அப்படிங்கிறதைப் பத்தி. என்னோட கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சட்டத்தை மீறுற கான்ட்ராக்டரைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்ல. பெரும்பாலும் அவர் கொடுத்த விலையே காட்டிக்கொடுத்துடும். அந்த விலையைப் பாத்தும் கையெழுத்துப் போடுற ஆள்தான் இங்க பிரச்சினை.

பொறுப்பு யாரோடது?

நிறைய பேர், ஏன் சில அதிகாரிகளே, நினைக்கிறது இது: கான்ட்ராக்ட் கொடுத்தாச்சு, இனிமே தொழிலாளிக்கும் நமக்கும் சம்பந்தமில்ல. சட்டம் அப்படிச் சொல்லல. 1970-ல வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல 'முதன்மை வேலையளிப்பவர்'னு ஒரு பாத்திரம் உண்டு. வேலை யாருக்காக நடக்குதோ அவங்க. அரசு அலுவலகம்னா அந்த அலுவலகத்தோட தலைவர். கான்ட்ராக்டர் கூலி கொடுக்கலைன்னா, இல்ல குறைச்சுக் கொடுத்தா, முதன்மை வேலையளிப்பவர் அந்தப் பணத்தைக் கொடுத்துட்டு, அப்புறம் கான்ட்ராக்டர்கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கணும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கான்ட்ராக்டர் கூலி பட்டுவாடா பண்ணும்போது, முதன்மை வேலையளிப்பவரோட பிரதிநிதி ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்து, 'சரியாத்தான் கொடுத்தாங்க'ன்னு சான்று கொடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுச்சு. சட்டம் எழுதினவங்களுக்கு ஊர் நடப்பு தெரிஞ்சிருக்கு பாருங்க. இப்போ சம்பளம் வங்கி வழியாப் போறதால அந்த நிக்கிற ஆள் காணாமப் போய், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் மிஞ்சியிருக்கு.

2025 நவம்பர் 21-ல இருந்து நாலு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கு. பழைய 1970 சட்டம் அதுக்குள்ள போயிடுச்சு. கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டிய வரம்பு 20 தொழிலாளர்ல இருந்து 50 ஆயிடுச்சு. ஆனா கூலி விஷயத்துல முதன்மை வேலையளிப்பவரோட பொறுப்பு போகல. இதை நான் இப்படிப் பாக்கறேன்: 30 ஆள் வச்சிருக்கிற கான்ட்ராக்டர்கிட்ட இனிமே லைசென்ஸ்னு ஒரு காகிதம்கூட இருக்காது. அப்போ அலுவலகம் தானே இறங்கிச் சோதிக்க வேண்டியது கூடுதுதானே தவிர குறையல.

ஒரு ஆளுக்கு என்ன செலவு? கணக்குப் போட்டுடலாம்

போன்ல கால்குலேட்டர் எடுங்க. ஒரு நாள் கூலி 550 ரூபாய்னு வச்சுப்போம். இது உதாரணத்துக்குத்தான். உண்மையான குறைந்தபட்சக் கூலி வேலைக்கும் இடத்துக்கும் தகுந்தபடி மாறும்.

மாசத்துக்கு 26 நாள், 14,300 ரூபாய். இதுக்கு மேல வேலையளிப்பவர் கட்ட வேண்டிய பி.எஃப். 12 சதவீதம், அதோட நிர்வாகச் செலவு, இன்ஷூரன்ஸ்னு இன்னொரு 1 சதவீதம். ஆக 13 சதவீதம், 1,859 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், சுமார் 465. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், சுமார் 1,191. கூட்டினா 17,815. யூனிஃபார்ம், சோப்பு, ஆசிட், விளக்குமாறு, லீவு சம்பளம், ஜி.எஸ்.டி. எதுவுமே இன்னும் சேரல. கான்ட்ராக்டரோட லாபமும் சேரல.

இப்போ ஒருத்தர் டெண்டர்ல 'ஆளுக்கு 16,500'ன்னு போடுறார். அவர்தான் எல்1, அதாவது ஆகக் குறைஞ்ச விலை. பேப்பர்ல பாத்தா அரசுக்கு லாபம். ஆனா சட்டப்படி கொடுக்க வேண்டிய தொகைக்கே 1,315 ரூபாய் உதைக்குது. அது வானத்துல இருந்து வராது. பி.எஃப். கட்ட மாட்டார். இல்லைன்னா ரெண்டு பங்கையும், தன்னோட 12 சதவீதத்தையும் சேர்த்து, தொழிலாளி சம்பளத்துலயே பிடிப்பார். அது சட்டவிரோதம். இல்லைன்னா 10 பேர்னு பில் போட்டு 8 பேரை அனுப்புவார், அந்த 8 பேரும் 10 பேர் வேலையைச் செய்வாங்க. இதை விட மோசமான ஒண்ணு உண்டு: முழுச் சம்பளத்தையும் வங்கிக் கணக்குல போட்டுட்டு, மறுநாள் சூப்பர்வைசர் வந்து 2,000 ரூபாயைக் கையில திருப்பி வாங்கிட்டுப் போறது. ரெக்கார்டு பக்காவா இருக்கும்.

அதனால நான் சொல்றது, குறைஞ்ச விலை வரும்போது 'அடேங்கப்பா'ன்னு சந்தோஷப்படாம, 'எப்படி?'ன்னு கேக்கணும். மத்திய அரசோட கொள்முதல் கையேட்டுலயே இதுக்கு வழி இருக்கு. விலை அளவுக்கு மீறிக் குறைவா இருந்தா, விலையோட பிரிவை எழுத்துல கேக்கலாம். நியாயப்படுத்த முடியலைன்னா நிராகரிக்கலாம்.

சில சமயம் தப்பு கான்ட்ராக்டரோடதும் இல்ல, டெண்டரோடது. ஒரு கேட், 24 மணி நேரமும் காவல். '3 ஷிஃப்ட், 3 ஆள்'னு டெண்டர்ல எழுதியிருப்பாங்க. வாரத்துக்கு 21 ஷிஃப்ட் ஆச்சு. ஒருத்தர் வாரத்துக்கு ஒரு நாள் லீவு எடுத்து 6 ஷிஃப்ட் பார்த்தா, 21-ஐ 6-ஆல வகுத்தா 3.5 ஆள் வேணும். 3 ஆளுக்குத்தான் காசுன்னா, வார விடுமுறையே கிடையாதுன்னு அரசே எழுதிக் கொடுத்த மாதிரி. நிஜத்துல என்ன நடக்கும்னா, ரெண்டு பேர் 12 மணி நேரம் 12 மணி நேரமா நிப்பாங்க. ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம்னு சட்டத்துல இருக்கு. அதை அந்த ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க.

பூஜ்ய சதவீத சேவைக் கட்டணம்

இந்தப் பிரச்சினை அரசுக்குத் தெரியாதான்னு கேட்டா, தெரியும். மத்திய அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் ஜெம் அப்படிங்கிற, 2016-ல ஆரம்பிச்ச ஆன்லைன் சந்தை வழியா வாங்குறாங்க. தமிழ்நாடு அரசுத் துறைகளுக்கு 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு. ஆள் எடுக்கிற ஒப்பந்தங்கள்ல ஒரு நல்ல ஏற்பாடு வந்துச்சு. கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாத்தையும் அலுவலகமே நிர்ணயம் பண்ணிடும். கான்ட்ராக்டர் தன்னோட சேவைக் கட்டணத்தை மட்டும்தான் போட்டியா சொல்லணும். சரிதானே?

கம்பெனிகள் என்ன பண்ணாங்க? 'சேவைக் கட்டணம் பூஜ்யம்'னு போட்டாங்க. 2014-ல நிதி அமைச்சகத்தோட செலவினத் துறை, பூஜ்யம் போட்டா அந்த ஏலத்தையே ஏத்துக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. உடனே 0.01, 0.001-னு தசமப் புள்ளிக்குப் பின்னாடி ஓட ஆரம்பிச்சாங்க. லாபமே இல்லாம ஒருத்தர் 50 ஆளுக்குச் சம்பளம் போட்டு, சூப்பர்வைசர் வச்சு, யூனிஃபார்ம் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுறாருன்னா அவர் ஒண்ணு மகானா இருக்கணும். இல்ல, வேலைக்குச் சேர்க்கவே தொழிலாளிகிட்ட 'டெபாசிட்'னு காசு வாங்குறவரா இருக்கணும். மகான்கள் ஹவுஸ்கீப்பிங் டெண்டர் போட்டு நான் பாத்ததில்ல.

கடைசியா 2023-ல ஜெம் வழியா ஆள் எடுக்கிற ஒப்பந்தங்களுக்குச் சேவைக் கட்டணம் குறைஞ்சபட்சம் 3.85 சதவீதம்னு தரை போட்டாங்க. நம்ம 17,815 ரூபாய் ஆளுக்கு அது சுமார் 686 ரூபாய். ஓரளவு மானத்தோட தொழில் நடத்த ஆரம்பிக்கலாம்.

ஆனா இதுலயும் ஒரு வேடிக்கை. இப்போ எல்லாரும் அந்த 3.85-ஐயே போடுறாங்க. 40 பேர் டெண்டர் போட்டா அதுல பெரும்பாலானவங்க எல்1. அப்போ கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கும். அதாவது விலைங்கிற சல்லடை வேலை செய்யல. அதுக்கு முன்னாடி இருக்கிற தகுதிச் சல்லடைதான் இனிமே உண்மையான தேர்வு. அதுல ஓட்டை பெருசா இருந்தா, தகுதியில்லாதவரும் குலுக்கல்ல இருப்பார்.

'அப்போ ஆண்டு வருமானம் 10 கோடி இருக்கணும்னு போட்டுடலாமே'ன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல உடன்பாடில்ல. பெரிய கம்பெனின்னா ஒழுங்கான கம்பெனின்னு அர்த்தமில்ல. ஊர்ல 60 ஆள் வச்சு ஒழுங்கா நடத்துற ஒரு சின்ன நிறுவனத்தை, அந்த ஒத்த வரி வெளிய தள்ளிடும். தொழிலாளிகள் சேர்ந்து நடத்துற கூட்டுறவு அமைப்பையும்தான்.

செல்லான் ஜெராக்ஸ் என்கிற மாயாஜாலம்

சரி, தகுதியை எப்படிச் சோதிக்கிறது? பி.எஃப். பதிவு எண், இ.எஸ்.ஐ. பதிவு எண், ஜி.எஸ்.டி., பான், அனுபவச் சான்று. இதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கும். பதிவு எண் வாங்குறது ஒரு நாள் வேலை. மாசா மாசம் கட்டுறதுதான் ஒழுக்கம்.

இங்கதான் ஒரு பழைய வித்தை. ஒரு கான்ட்ராக்டர்கிட்ட 12 அலுவலகங்கள்ல சேர்த்து 400 பேர் இருக்காங்கன்னு வைங்க. அவர் 200 பேருக்கு மட்டும் பி.எஃப். கட்டுறார். அதுக்கு ஒரே ஒரு செல்லான். அந்த ஒரே செல்லானோட ஜெராக்ஸை 12 அலுவலகத்துக்கும் பில்லோட இணைச்சு அனுப்புறார். உங்க அலுவலகத்துல 25 பேர்தான். செல்லான்ல லட்சக்கணக்குல தொகை தெரியுது. பில் பாக்கிற கிளார்க் 'நம்ம 25 பேருக்கு இது தாராளம்'னு நினைச்சு டிக் அடிச்சுடுவார். 12 கிளார்க்கும் அதே மாதிரி டிக் அடிப்பாங்க.

இதை உடைக்க ஒரு காகிதம் போதும். செல்லானுக்குப் பின்னாடி இ.சி.ஆர்.னு ஒரு பட்டியல் உண்டு. யார் யாருக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு, எவ்வளவு கட்டினாங்கன்னு பேர் வாரியா, யூ.ஏ.என். எண்ணோட வரும். அந்தப் பட்டியலையும் உங்க அலுவலக வருகைப் பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. படிக்கட்டைத் துடைக்கிற அக்கா பேர் அதுல இருக்கா? 26 நாள் வந்தவங்களுக்கு 12 நாள் சம்பளத்துக்கு மட்டும் கட்டியிருக்கா? டெண்டர் போடும்போதே கேக்கலாம்: கடந்த ஒரு வருஷமா வேற அலுவலகங்கள்ல வேலை பாத்தவங்களோட இ.சி.ஆர். கொடுங்கன்னு. அதை நீட்டத் தயங்குற கம்பெனியோட அனுபவச் சான்று எத்தனை இருந்தாலும் நான் ஓரமா வச்சுடுவேன்.

இ.எஸ்.ஐ.யும் இதே கதைதான், ஆனா விளைவு உடனே வரும். பதிவு இல்லைன்னா வழுக்கி விழுந்து கை உடைஞ்ச அன்னிக்குத்தான் தெரியும். கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னுட்டு, 'உங்க பேர்ல பதிவே இல்லம்மா'ன்னு கேட்கிற நாள் அது.

செக்யூரிட்டி, லிஃப்ட், கரண்ட்

செக்யூரிட்டி கம்பெனிக்குத் தனியா 2005-ஆம் வருஷச் சட்டம் இருக்கு, பசாரான்னு சொல்வாங்க. லைசென்ஸ் இருக்கான்னு மட்டும் கேட்டா பத்தாது. எந்த மாவட்டத்துக்குன்னு கேக்கணும். ஒரு மாவட்டத்துக்கு 5,000, அஞ்சு மாவட்டம் வரைக்கும் 10,000, மாநிலம் முழுக்க 25,000-னு கட்டணமே தனித்தனி. ஒரு மாவட்டத்துக்கு லைசென்ஸ் வாங்கிட்டு இன்னொரு மாவட்டத்துல ஆள் நிறுத்தினா அது செல்லாது. காவலருக்கு 160 மணி நேரப் பயிற்சி கொடுத்திருக்கணும். அந்தப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாத்துலயும் ஒரே தேதி, ஒரே கையெழுத்துன்னா கொஞ்சம் யோசிங்க.

லிஃப்டுக்கும் மின்சார வேலைக்கும் தனித்தனி உரிமம் உண்டு. ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தத்துல 'ஒரு எலக்ட்ரீஷியனும் சேர்த்து'ன்னு ஒத்த வரியில முடிக்கிற பழக்கம் ஆபத்து. அவ்வளவுதான் இதுல.

எந்த ஒப்பந்தத்துலயும் எழுதாத வேலை

இப்போ நான் சொல்றது கேக்கக் கஷ்டமா இருக்கும். அரசுக் கட்டடங்கள் நிறைய இடத்துல செப்டிக் டேங்கை நம்பி இருக்கு. துப்புரவு ஒப்பந்தத்துல 'அடைப்பு நீக்குதல் உட்பட'ன்னு ஒரு சொல் ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கும். தனி விலை கிடையாது, இயந்திரம் பத்திப் பேச்சு கிடையாது. அடைப்பு வந்த அன்னிக்கு சூப்பர்வைசர் யாரைக் கூப்பிடுவார்? தரை துடைக்கிற அதே ஆளை. 'கொஞ்சம் எறங்கிப் பாருப்பா.'

2013-ல வந்த, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கிற சட்டம் இதுக்கு எதிரா நேரடியாப் பேசுது. பாதுகாப்புக் கருவியும் ஏற்பாடும் இல்லாம யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக் கூடாது, நேரடியாவும் சரி, மறைமுகமாவும் சரி. அந்த 'மறைமுகமா'ங்கிற சொல் கான்ட்ராக்ட் கொடுத்தவங்களுக்கானது. முதல் தடவையே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். 2014-ல உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடுன்னு சொல்லுச்சு. 2023 அக்டோபர்ல பல்ராம் சிங் வழக்குல அதை 30 லட்சமா உயர்த்திச்சு. அதோட, வெளி ஆளை வச்சு வேலை வாங்குற இடத்துல மரணம் நடந்தா உடனே ஒப்பந்தத்தை ரத்து பண்ணணும், பண ரீதியாவும் பொறுப்பாக்கணும், அதுக்கு அரசுகள் ஏற்பாடு செய்யணும்னும் சொல்லுச்சு.

அதனால கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வைக்கிற மிக முக்கியமான கேள்வி, அடைப்பு வந்தா என்ன பண்ணுவீங்க? உறிஞ்சு லாரி சொந்தமா இருக்கா, யார்கிட்ட வாடகைக்கு எடுப்பீங்க, எத்தனை மணி நேரத்துல வரும், அதுக்கு எவ்வளவு விலை? இதைத் தனி வரியா, தனி விலையா டெண்டர்லயே போடணும். விலை இல்லாத வேலைக்கு விலை கொடுக்கிறது யாருன்னு நமக்குத் தெரியும்.

கையெழுத்துக்கு அப்புறம்

நல்ல கான்ட்ராக்டரைக்கூட அரசே கெடுக்கிற ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பில்லை நாலு மாசம் நிலுவையில வைக்கிறது. சட்டப்படி அவர் அடுத்த மாச ஆரம்பத்துலயே சம்பளம் போட்டாகணும், பில் வந்துச்சா வரலையாங்கிறது காரணமே இல்ல. ஆனா நாலு மாசம் கையில இருந்து போட யாரால முடியும்? வட்டிக்கு வாங்குவார், அந்த வட்டியை எங்கயாவது எடுப்பார்.

ரெண்டாவது, விலையை ரெண்டு வருஷத்துக்கு உறைய வைக்கிறது. மத்திய அரசோட குறைந்தபட்சக் கூலியில பஞ்சப்படி வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல் 1-லயும் அக்டோபர் 1-லயும் மாறும். ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல குறைஞ்சது மூணு தடவையாவது கூலி ஏறலாம். 'சட்டப்படி கூலி ஏறினா அந்த வித்தியாசத்தை அலுவலகம் தரும்'னு ஒரு வரி இல்லாத ஒப்பந்தம், ஆறாவது மாசத்துல இருந்து சட்டவிரோத ஒப்பந்தமா மாற ஆரம்பிக்கும். நியாயமா நடத்துற கம்பெனிகள் இந்த வரி இல்லைன்னா டெண்டர்ல கலந்துக்கவே மாட்டாங்க. மிச்சம் யார் வருவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நீங்க என்ன பாக்கலாம்?

கேக்கிறவங்கள்ல பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிச்சிட்டு இருக்கீங்க, நாளைக்கு இந்த பில்லு உங்க மேசைக்கே வரும். மிச்சப் பேர் அபார்ட்மென்ட்ல இருக்கீங்க, உங்க சங்கமும் இதே மாதிரி ஒரு கான்ட்ராக்டரைத்தான் வச்சிருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விஷயம்.

பி.எஃப். அமைப்போட இணையதளத்துல 'நிறுவனத் தேடல்'னு ஒரு பக்கம் எல்லாருக்கும் திறந்து இருக்கு, லாகின் வேண்டாம். யூனிஃபார்ம் சட்டைப் பையில எழுதியிருக்கிற கம்பெனிப் பேரை அடிங்க. எந்த மாசத்துக்கு, எந்தத் தேதியில, எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டியிருக்காங்கன்னு வரும். கெடு அடுத்த மாசம் 15-ஆம் தேதி. தொடர்ந்து தேதி தள்ளிப் போயிருக்கா, ஊர் முழுக்க ஆள் வச்சிருக்கிற கம்பெனி 35 பேருக்கு மட்டும் கட்டுதான்னு பாருங்க.

அரசு அலுவலகம்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாள்ல பதில் வரணும். தொழிலாளிகளோட பேர், வங்கிக் கணக்குன்னு கேக்காதீங்க, தனிப்பட்ட விவரம்னு மறுத்துடுவாங்க, மறுக்கிறதும் சரிதான். ஒப்பந்தத்துல இருக்கிற ஆள் எண்ணிக்கை, போன மாசம் வருகைப் பதிவேட்டுல இருக்கிற எண்ணிக்கை, அதே மாசம் பி.எஃப். கட்டின எண்ணிக்கை. இந்த மூணு எண் மட்டும் கேளுங்க. மூணும் ஒண்ணா இல்லைன்னா, அடுத்த கேள்வி என்னன்னு உங்களுக்கே தெரியும்.